கை மட்டும்

சலவைத் தொழிலில் எனக்குத் தெரியாத கறையே கிடையாது என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. இரண்டாயிரங்களின் நடுவில், ஷார்ஜா தொழிற்பேட்டையில், ஹோட்டல்களுக்கு வெளுக்கும் ஒரு லாண்டரியில் நான் சூப்பர்வைசர். வயது இருபத்தெட்டு. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். (யாரும் கேட்டு மாட்டியதல்ல.) துணியோடு வரும் சீட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது நான் போட்ட முதல் சட்டம். எழுத வேண்டியவர் டிரைவர் தங்கராஜ் அண்ணன். ராமநாதபுரத்துக்காரர். அதுவரை தமிழில் எழுதி ஒரு தப்பும் வராதவர்.

ஒரு நாள் காலை அவர் ஒற்றைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். சீனாவின் மலைப்பக்கத்தில் தோங் என்றொரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் சில பெண்கள் துபாயில் ஒரு கலைவிழாவுக்குப் பாட வந்திருந்தார்கள். தலைமைப் பாடகியின் சட்டை அது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு மேடையேற வேண்டும். கருநீலத் துணி, கையோரத்தில் பட்டையாகப் பூவேலை, மற்ற இடமெல்லாம் தகடு மாதிரி மினுமினுப்பு. சீட்டில் தங்கராஜ் அண்ணன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'ஒன்லி ஹேண்ட்.'

கையால் மட்டும் துவைக்க வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

என் கண்ணை உறுத்தியது அந்த மினுமினுப்பு. கருந்துணியின் மேல் ஈரத்துணி விரிக்காமல் சூடாகத் தேய்த்தால் பளபளப்பு ஏறிவிடும். எங்கள் தொழிலில் அது அவமானம். எவனோ ஒரு மடையன் சட்டை முழுவதையும் அப்படித் தேய்த்துக் கெடுத்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன். நான் இருக்கும்போது அந்த அம்மாள் ஏன் கவலைப்பட வேண்டும்?

இஸ்திரி மேசையிலிருந்த குல்கான் பாய் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பாய், இஸ்கோ மத் சேடோ" என்றார். இதைச் சீண்டாதே என்று அர்த்தம். பெஷாவர்க்காரருக்குச் சீனத் துணியைப் பற்றி என்ன தெரியும்? (எனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி எழவே இல்லை.)

பூவேலையின் சாயம் கசியக் கூடாதே என்று சட்டையின் இரண்டு கைகளையும் பாலிதீன் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அது என் தொழில் ஜாக்கிரதை. பிறகு வினிகர், ஆவி, பிரஷ், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். தொட்டி நீலமாக நீலமாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மினுமினுப்பு போன இடம் தெரியவில்லை. சட்டை பள்ளிக்கூடக் கரும்பலகை போல் சாந்தமாக இருந்தது. பார்சலுக்கு அழகாக இருக்கட்டும் என்று பாலிதீனை அவிழ்க்காமலே மறுநாள் காலை அனுப்பிவைத்தேன்.

பதினொரு மணிக்கு தங்கராஜ் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, அந்த அக்கா சட்டய மடில போட்டுக்கிட்டு உக்காந்துருக்காக. மொழி சொல்ற பிள்ள அழுவுது. என்னத்தப்பா பண்ணுன?"

"நீங்க எழுதுனதத்தான் பண்ணுனேன். ஹேண்ட் வாஷ்."

"வாஷுன்னு எங்க எழுதுனேன்? சட்டைக் கையில டீ கொட்டிருச்சு, கைய மட்டும் பாருங்கன்னாக. கைக்கு இங்கிலீசு ஹேண்டுதான?"

'கை மட்டும்' என்று தமிழில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அதைத் தடை செய்த மகான் நான்தான்.

மதியம் பாடகி யாங் அக்கா சட்டையோடு லாண்டரிக்கே வந்துவிட்டார். மொழி சொல்லும் பெண் விளக்கினாள். அக்கா தானே நெய்த துணி. அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கி, முட்டை வெள்ளைக்கரு பூசி, மரச்சுத்தியலால் நாட்கணக்கில் அடித்து அடித்து ஏற்றிய மினுமினுப்பு. எல்லாம் சேர்த்து ஒரு வருட வேலை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போய்விடும் என்பதற்காக அல்ல என்று எழுத ஆசைதான். அதற்காகவும்தான்.

அக்கா திட்டவில்லை. கேட்டது இரண்டே பொருள்: முட்டை, சுத்தியல். மெஸ்ஸிலிருந்து ஒரு தட்டு முட்டை வந்தது. பக்கத்து கராஜில் கார் நெளிவு எடுப்பவர்கள் ரப்பர் சுத்தியல் தந்தார்கள். அக்கா அதைத் திருப்பிக் கொடுத்து மரத்தில் வாங்கினார். வெள்ளைக்கருவைப் பூசி, ஃபேனில் காயவைத்து, கல்பலகைமேல் சட்டையை மடித்து வைத்து, சுத்தியலை என் கையில் திணித்தார்.

அடித்தேன். வேகமாக அடித்தால் மணிக்கட்டில் அக்காவின் கையால் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாக அடித்தாலும் விழுந்தது. நான் நிறுத்தும்போதெல்லாம் குல்கான் பாய் டீ குடித்துக்கொண்டே "யல்லா பாய், யல்லா" என்று விரட்டினார். வேடிக்கை பார்க்க கராஜே காலியாகி வந்தது. நாலரை மணிக்குத் தோள் கழன்ற நிலையில் நிமிர்ந்தேன். முக்கால் பங்கு மினுமினுப்பு திரும்பியிருந்தது. அக்கா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பாலிதீனை அவிழ்த்தார்.

இடது கைப் பூவேலையில், கொட்டிய டீ கொட்டியபடியே இருந்தது. முந்தின நாள் அதை நான் டிசைன் என்று நினைத்திருந்தேன். கையை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். நான் கையை மட்டும்தான் பார்க்கவில்லை.

அக்கா அந்தக் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் குல்கான் பாய் ஈரத்துணியால் கறையை எடுத்துவிட்டார்.

ஆறு மணிக்கு அக்கா அதே சட்டையில் பாடினார். நானும் தங்கராஜ் அண்ணனும் கடைசி வரிசையில் நின்று கேட்டோம். தோளில் உள்ளங்கையளவு ஒரு மங்கல் திட்டு. பாட்டு முழுவதும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே பெண் பார்க்க லீவில் தூத்துக்குடி போனேன், இரண்டு உள்ளங்கையும் நீலமாக. பெண்ணின் அப்பா காரணம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றுவரை எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை. போன வாரம் மனைவி தக்காளி வாங்கி வரச் சொன்னாள். வெங்காயம், முருங்கைக்காய், மல்லி, வழியில் மலிவாகக் கிடைத்த பூசணி எல்லாம் வாங்கி வந்தேன். பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, அப்பா இன்னைக்கும் கைய மட்டும் விட்டுட்டாவ."