அடைக்கோழியும் கார்டு விளக்கும்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
17.8.1985

அன்பும் மரியாதையும் மிகுந்த முகையூர் மச்சான் அருள்நாதன் அவர்களுக்கு, திண்டிவனத்திலிருந்து ரிட்டயர்டு கூட்ஸ் ரயில் கார்டு சவுரிராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், அக்காவும், பிள்ளை பெற்ற தங்கள் மகள் லூர்துசெல்வியும், பேரனும், பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்திருக்கும் என் மனைவி ஞானமேரியும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். பேரனுக்கு யார் மூக்கு என்று எழுதவும். இதற்குக் கீழே இருப்பதைத் தாங்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்த் தனியாகப் படிக்கவும். ஞானமேரி கண்ணில் படக்கூடாது.

உங்கள் தங்கை பஸ் ஏறும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கறுப்புக் கோழி அவயத்துல உக்காந்துகினு இருக்குது. தீனி வைங்க, தண்ணி வைங்க, அவ்ளோதான். இன்னா இருக்குது ஏது இருக்குதுன்னு கை வச்சீங்கன்னா நான் எங்கண்ணன் வூட்லயே இருந்துடுவேன், சொல்லிட்டேன்." அவள் சொன்னால் செய்கிறவள். போன வருஷம் தையல் மிஷினில் மேல் நூலைக் கீழ் நூல் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க நான் அதைப் பிரித்துப்போட்டதற்கு, தவக்காலம் முழுக்க உங்கள் வீட்டில்தானே இருந்தாள். நான் இங்கே கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தவக்காலத்தை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

கை வைக்க வேண்டும் என்று வைக்கவில்லை மச்சான். சர்வீஸ் முழுக்கக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, போன வழியையே பார்த்துக்கொண்டு வந்தவன் நான். முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசை எனக்கு அடங்கவே இல்லை. கோழி அடைகாக்கும் கூடையில் உமி, உமிமேல் முட்டை, இடிக்குப் பயந்து நடுவில் ஒரு இரும்பு ஆணி. ஆணியைக் கண்டால் இடி ஏன் விலகிப் போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஒரு முட்டையை எடுத்துவிட்டேன். எடுத்ததுதான் எடுத்தோம் என்று அறைக் கதவைச் சாத்தி, என் பழைய கார்டு விளக்கைக் கொளுத்தி, கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். உள்ளே சிவப்பு சிவப்பாக வேர் ஓடியிருக்கிறது. வேருக்கு நடுவே கடுகளவு ஒன்று துடிக்கிறது. நிற்காமல் துடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மனுஷன் எப்படிச் சும்மா இருப்பான்? மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன், அது புளியங்கொட்டை அளவாகி, ஒரு நாள் கண் போல ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. என் புறங்கையில் கோழி கொத்தாத இடமில்லை. கடைசியில் ஒருநாள் நான் முட்டையைத் திருப்பி வைக்கப் போனபோது, அது எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டது. இப்போது எதுவுமே நடக்காதது போலப் பக்கத்து வீட்டு வீரம்மாள் குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருக்கிறது.

முட்டைகள் ஆற ஆரம்பித்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் உமியைக் கொட்டி, முட்டைகளை அடுக்கி, நடுவில் கார்டு விளக்கை ஏற்றி வைத்து, ஈரத்துணியை ஓரத்தில் தொங்கவிட்டு, ஜுரம் பார்க்கும் கண்ணாடிக்குழலை முட்டைகளின் நடுவே செருகினேன். நூறு காட்டியது. நமக்கு வந்தால் ஜுரம், முட்டைக்கு அதுதான் சுகம். அடிக்கடி எடுத்து உதறிச் செருகிப் பார்ப்பேன், ஏறினால் மூடியைத் திறப்பேன், இறங்கினால் திரியைத் தூண்டுவேன். கோழி புரட்டுவது போல நாமும் புரட்ட வேண்டுமே, எது மேல்பக்கம் எது கீழ்பக்கம் என்று குழப்பம் வந்து, வேகனுக்குப் போடுவது போலச் சாக்பீஸால் குறி போட்டுவிட்டேன். ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை. வீட்டில் நோயாளி இருப்பதாகச் சாமியாரிடம் சொல்லி அனுப்பினேன். அது பொய்க் கணக்கில் சேருமா என்று தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

பிறகு ஒரு காலையில் பெட்டிக்குள் கீச்சென்று சத்தம். திறந்து பார்த்தால் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்தபடியே கூப்பிடுகிறது. கோழி இருந்தால் பதில் சொல்லியிருக்கும். எனக்குக் கொக்கரிக்க வராது. சட்டைப்பையில் என் கார்டு விசில் இருந்தது, மெதுவாக ஊதினேன். பதில் வந்தது. மறுபடி ஊதினேன், இரண்டு முட்டை பதில் சொன்னது. மச்சான், என் சர்வீஸில் எத்தனையோ டிரைவர்கள் என் விசிலைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மறுநாள் சாயந்திரத்துக்குள் ஏழு குஞ்சு வெளியே வந்து, ஈரம் காய்ந்து, பஞ்சாகி, என் கட்டைவிரலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று முதல் அவற்றுக்கு நான்தான் தாய். கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வருகின்றன. கேப்பையை நொறுக்கி வைத்தால் தொடுவதில்லை, நான் குனிந்து விரலால் தரையைக் கொத்திக் காட்டினால்தான் தின்கின்றன. சாணியும் வைக்கோலும் போட்ட பானையைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்து ஊட்டுகிறேன். வானத்தில் பருந்து வட்டம் போட்டால் நான் வேட்டியை விரித்துத் தரையில் உட்கார வேண்டியது, ஏழும் ஓடி வந்து அடியில் புகுந்துகொள்ள வேண்டியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீரம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா சார், எங்கூட்டுக் கோழி மாதிரியே நீங்களும் அவயத்துல உக்காந்துகினீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் வீடு ஸ்டேஷனை ஒட்டியது என்பது தங்களுக்குத் தெரியும். முந்தாநாள் விழுப்புரம் பாசஞ்சர் கிளம்ப கார்டு விசில் ஊதினார் பாருங்கள், ஏழும் வேலிச் சந்தில் நுழைந்து பிளாட்பாரத்தில் வரிசையாக ஓடுகின்றன. பின்னால் நான் பனியனோடு ஓடுகிறேன். கடைசிப் பெட்டியில் நின்றவர் பாண்டுரங்கன், என்னிடம் வேலை பழகியவர்.

"இன்னா சார், ரிட்டயர் ஆயிட்டு கோழி மேய்ச்சுக்கினு இருக்கீங்களா?"

"நான் எங்க மேய்க்கிறேன், அதுங்கதான் என்னை மேய்க்குதுங்க. ஒரு ஒத்தாசை பண்ணு, இங்க வந்தா விசில் மட்டும் ஊதாத. பெரிய பேஜாரா இருக்குது."

"ரூல் இருக்குதே சார்" என்று சொல்லிக்கொண்டே வண்டியோடு போய்விட்டார். அதுமுதல் வண்டி நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறேன்.

கறுப்புக் கோழியிடமே குஞ்சுகளைச் சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன், யார் வீட்டுப் பிள்ளையோ என்று கொத்துகிறது. ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் தங்கையை இன்னும் ஒரு மாதம் அங்கேயே நிறுத்தி வைக்கவும். அதற்குள் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துத் தனியாக மேய ஆரம்பித்துவிடும். கோழியே பொரித்து, வளர்த்து, கொத்தி விரட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். பேரனின் ஞானஸ்நானம் முடிந்ததும் கிளம்புவதாக எழுதியிருந்தாள், அதைத் தள்ளிப்போட முடியுமா? சாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், பாவம் என்று பட்டால் தங்களுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லவும். இப்போது வந்து இந்தப் பெட்டியையும் விளக்கையும் பார்த்தாளென்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவே இல்லை மச்சான். அதனால்தான் வரவேண்டாம் என்கிறேன்.

பெரியவர்களுக்கு என் தோத்திரம், சின்னவர்களுக்கு என் ஆசீர். பேரன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போடவும்.

இப்படிக்குத் தங்கள் தங்கை கணவன்,
ம. சவுரிராயன்

பி.கு.: கவரை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டின பிறகு கிழித்து எழுதுகிறேன். மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். குஞ்சு பொரித்திருக்குமே, ஒரு எட்டு பார்த்துவிட்டு ஞானஸ்நானத்துக்குத் திரும்பலாம் என்று ஞானமேரி மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். நான் வாசலில் வேட்டியை விரித்து உட்கார்ந்திருந்தேன், அடியில் ஏழும் தூங்கியதால் எழுந்திருக்க முடியவில்லை. பெட்டியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். கையில் இருந்த பையை அவள் கீழே வைக்கவில்லை. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"மெய்யாலுமே உள்ள துடிக்கிறது தெரிஞ்சுதா?" என்றாள்.

தெரிந்தது என்றேன்.

"நாலு புள்ள பெத்தேன், ஒண்ணுகூட உள்ள எப்பிடி இருந்துச்சுன்னு நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

வீரம்மாள் கோழியும் அடையில் இருந்தது, வீரம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். முட்டையை எடுத்து வந்தது உங்கள் தங்கை, நான் விளக்கை மட்டும்தான் பிடித்தேன். ஒன்றைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், இன்னொன்றை எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கோழியும் எழுந்து போய்விட்டது. சந்தையிலிருந்து வந்த வீரம்மாள் பேசியதை எழுதினால் இந்தத் தபால் போகாது. "ஒரு குஞ்சு கொறஞ்சாலும் உங்களத்தான் கேப்பேன் மேரியம்மா" என்பதோடு முடித்துக்கொண்டாள். ஆகவே அந்த முட்டைகள் இப்போது நம் பெட்டியில் இருக்கின்றன. ஞானஸ்நானத்தைக் குறித்த நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எங்களில் ஒருவர்தான் வர முடியும். அது நான்தானாம். முட்டைகளை என்னை நம்பி விட்டுவிட்டு வரமாட்டாளாம்.