பனிவாள் எந்த வார்டில்?

நான் அன்பும் அதைவிட அதிகமாகப் பயமும் வைத்திருக்கும் என் அக்காவுக்கு, ஹாங்ஜோவிலிருந்து தங்கை யின்மெய் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீ கோபம் என்று அறிந்தேன்.

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக உன் ஏழு குரல் செய்திகளையும் கேட்டேன். ஆபீசுக்கு நீ அனுப்பிய உலர்ந்த கடுகுக்கீரைப் பொட்டலம் ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று உன் ஊர் ஷாவ்சிங்குக்கே திரும்பி வந்ததற்கு என்னைத் திட்டாதே. எங்கள் கம்பெனியில் சேர்கிற அன்றே வாள்வீரர் கதைகளில் வருகிற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அடையாள அட்டையிலும் அதுதான், வாசல் காவலருக்கும் அதுதான். பதினாறு வருஷமாக நான் வெண்ணாரை. லூ யின்மெய் யார் என்று கேட்டால் முதலாளியே கையை விரிப்பார். “பேரே தெரியாத எடத்துல என்னடி வேலை, விட்டுட்டு வா” என்கிறாய். அதை மட்டும் சொல்லாதே. ஆபீசோடு புது வளாகத்துக்கு மாறுகிறாயா, விலகுகிறாயா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். மாறுகிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன். விலகினால் என் பெயரை நேற்று வந்த யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே இன்னொரு வெண்ணாரையா?

பிறகு கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பத்து மணிக்குப் பனிவாளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நூடுல்ஸ் கடை மாடியில் கம்பெனியே நாங்கள் ஆறு பேராக இருந்த காலத்திலிருந்து என் எதிர் மேஜைக்காரர் அவர். இருந்தது ஒரே மின்விசிறி, அதுவும் மெஷினுக்கு. கூரை ஒழுகிய மழையில் என்னை நனையவிட்டுக் கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்த மகராசன். நூறாவது வாடிக்கையாளர் வந்த அன்று கீழ்க்கடையில் சட்டியை வாங்கிக் கரண்டியால் தட்டித் தெருவையே கூட்டினோம். இப்போது கோடிப் பேர் வருகிறார்கள், யாரும் எதையும் தட்டுவதில்லை. அவரும் போன வருஷம் விலகிவிட்டார்.

விசாரணை மேஜையில் நர்ஸ், “யாரப் பாக்கணும்?” என்றாள்.

“பனிவாள்.”

“கத்தி, வாளெல்லாம் வாசல்லயே வச்சுட்டு வாங்க.”

அப்போதுதான் உறைத்தது, அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஆபீசுக்குப் போன் போட்டு, ஆபரேஷனுக்குச் சேர்ந்திருக்கும் பனிவாளின் உண்மைப் பெயர் என்ன என்றேன். “நான்தான் பனிவாள், சொல்லுங்க வெண்ணாரை அக்கா” என்றாள் ஒரு சின்னப் பெண். “எனக்கு ஆபரேஷனா? யார் சொன்னது?”

மணி ஒன்பதே முக்கால். வேறு வழியில்லாமல் ஆபரேஷன் வார்டு இருக்கிற மூன்றாவது மாடி நடையில் நின்று “பனிவாள்!” என்று கத்தினேன். இரண்டு படுக்கைகளிலிருந்து இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருவர் வேறு கம்பெனிப் பனிவாளாம். இன்னொருவர் நம்மவர்.

“பதினஞ்சு வருஷம் எதிரெதிர் உக்காந்துட்டு, இவரு பேரு டிங் தாஜூன்னு தெரியாதாக்கும்?” என்றாள் அவர் மனைவி. “ஆபரேஷனுக்கு முன்னாடி கஞ்சி வேற!” என்று அதை வாங்கித் தானே குடித்தாள்.

“உன் பேரு என்ன?” என்றார் அவர். சொன்னேன். “யின்மெய்” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். ஆபீஸ் ஆள் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை, அக்கா.

“உங்க பேரை ஒரு சின்னப் பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. வருத்தமா இல்லையா?”

“பேரு கம்பெனியோடது, எடுத்துக்கட்டும். நூடுல்ஸ் கடை மாடிய யாருக்குக் குடுப்பாங்க?” என்றார். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, “மழ பேஞ்சா அந்தப் பொண்ணு குடை பிடிப்பாளான்னு கேளு!” என்று கத்தினார். கல்லை எடுத்தாயிற்று, நலம்.

அத்தானின் முட்டிவலி குறையட்டும், உன் தேயிலைக் கடை செழிக்கட்டும், உன் கோபம் ஆறட்டும்.

உன் தங்கை,
லூ யின்மெய்

பி.கு.: பொட்டலத்தை மறுபடி ஆபீசுக்கு அனுப்பாதே, வீட்டுக்கு அனுப்பு. மாறுகிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, எங்கள் கம்பெனிப் பனிவாள்கள் இரண்டு பேருக்கும்கூட.