விசாலம் அத்தையின் கஞ்சா அட்டை

வீட்டில் இன்ஜினியரிங் படித்தவன் ஒருவன் இருந்தால், எது பழுதானாலும் அவன் தலையில்தான் விடியும். மிக்ஸி, டிவி ரிமோட், அப்பாவின் வாட்ஸ்அப், எல்லாம். நான் படித்தது சிவில் (அதிலும் அரியர் பாக்கி) என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும் மறுக்கவில்லை. வேலை கிடைக்காமல் திரிந்த அந்த நாட்களில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மரியாதைதான். அதையும் ஒரே சாயங்காலத்தில், வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி தொலைத்தேன்.

அக்கா மகனுக்குக் காதுகுத்து. அதற்காக அமெரிக்காவிலிருந்து விசாலம் அத்தை வந்திருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. வந்த மறுநாளே என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"குமாரு, ஒரு உதவி பண்ணணும்டா. உங்கப்பா காதுக்கு மட்டும் போகக் கூடாது."

அத்தைக்குப் பல வருடமாக நரம்பு வலி. மாத்திரைக்கு அடங்காத அந்த வலிக்கு, அவர் இருக்கும் மாநிலத்தில் கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெயைச் சட்டப்படியே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதை வாங்க ஒரு மருத்துவ அட்டை வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் பேசிப் பார்த்துப் புதுப்பிப்பார். தேதி தவறினால் மருந்து கிடையாது. மருந்து இல்லாவிட்டால் அத்தைக்குத் தூக்கம் கிடையாது. அவர் ஊர் திரும்புவதற்குள் அட்டை காலாவதியாகிவிடும் என்பதால், காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் (அங்கே அது காலை) வீடியோ காலில் பேச டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்.

அப்பாவுக்கு ஏன் தெரியக் கூடாது? தெருவில் யாராவது பீடி பற்றவைத்தாலே துண்டை உதறிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர் அவர். அவரிடம் போய்க் கஞ்சா என்று யார் சொல்வது?

"கவலையே படாதீங்க அத்தே, நான் பாத்துக்கறேன்" என்றேன். (எங்கள் வீட்டு நாசங்கள் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும்.)

எங்கள் பக்கம் விசேஷ வீடு என்றால் முந்தின நாளே மைக்செட் அலற வேண்டும். இல்லாவிட்டால் துக்க வீடா என்று கேட்பார்கள். மைக்செட்காரர் வேப்பமரத்தில் ஒன்று, தெருமுனையில் ஒன்று என்று கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டினார். மழை வந்தாலும் நனையாமல் இருக்க ஆம்ப்ளிஃபயரை மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் வைத்தார்.

"தம்பி, எனக்கு இன்னொரு வீட்ல செட் கட்ட வேண்டியிருக்கு. உங்க போன்லயே ப்ளூடூத் போட்டு பாட்டை ஓட விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானத்திலிருந்து என் போன் வழியாகத்தான் ஊரே அம்மன் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தையின் போனுக்கு எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. என் போனுக்கு மொட்டைமாடியில் மட்டும் உண்டு. நேரம் வந்ததும் அத்தையை மாடியில் உட்காரவைத்துப் போனைக் கொடுத்தேன். அழைப்பு போனதும் பாட்டு தானாக நின்றது. கெட்டிக்காரப் போன் என்று மெச்சிக்கொண்டு கீழே வந்து, யாரும் மேலே போய்விடாதபடி படிக்கட்டின் அடியில் துவாரபாலகர் மாதிரி நின்றேன்.

அப்போது வேப்பமரம் இங்கிலீஷில் குட் மார்னிங் சொன்னது.

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "மந்திரி யாரும் வர்றாங்களா?" என்றது ஒரு குரல். அடுத்து, மெடிக்கல் மரிஜுவானா கார்டைப் புதுப்பிக்கத்தானே வந்திருக்கிறீர்கள் என்று தெருமுனைக் கூம்பும் சேர்ந்து கேட்டது. எதிரொலிக்கிறது என்று நினைத்த அத்தை, மாடியிலிருந்து தொண்டை கிழிய "எஸ் டாக்டர்!" என்றார்.

சமையல் மாஸ்டர் சிங்கப்பூர் ஓட்டலில் வேலை பார்த்தவர். கையில் இருந்த கரண்டி அப்படியே நிற்க, "என்ன தம்பி, அத்தை கஞ்சாவுக்குக் கார்டு வச்சிருக்காங்களா? சிங்கப்பூர்ல இதுக்குத் தூக்குல போட்ருவான் தம்பி!" என்றார். புரியாமல் இருந்தவர்களுக்கும் புரிந்துவிட்டது.

மேலே ஓடினேன். ப்ளூடூத்தை அணைக்க மறந்திருந்தது அப்போதும் உறைக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். வாசலில் சீரியல் பல்புகள் அணைந்தன. டாக்டர் அணையவில்லை. (ஆம்ப்ளிஃபயர் பேட்டரியில் ஓடியது. நான் படித்தது சிவில்.) வலி எப்படி இருக்கிறது என்று அவர் ஊருக்கே கேட்கும்படி கேட்க, மருந்து இல்லாத ராத்திரிகளில் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுவேன் என்று அத்தை இங்கிலீஷில் கத்திச் சொன்னார்.

கடைசியில் டாக்டர் கேட்டார்: "பின்னால் ஆடு கத்துகிறதே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"இந்தியாவில், என் அண்ணன் வீட்டில்."

மாநிலத்துக்குள் இருந்தால்தான் புதுப்பிக்க முடியும், வந்ததும் பேசுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதாவது, இத்தனை மானம் போனதும் தண்டம். தெருவின் மேல், விட்ட இடத்திலிருந்து அம்மன் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

அப்பா மெதுவாகப் படியேறி வந்தார். பழைய காலத்து பி.யு.சி., இங்கிலீஷ் நன்றாகவே புரியும். அத்தை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே..." என்று எழுந்தார்.

"வாரா வாரம் போன்ல நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னியேம்மா" என்றார் அப்பா. "தரையில உக்காந்து அழுவுற அளவுக்கா வலிக்குது?"

அத்தை அழுதுவிட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தேதி முடியறதுக்குள்ள அத்தை அங்க இருக்கணும். டிக்கெட்ட முன்னாடி மாத்தணும்."

"நான் பாத்துக்கறேம்ப்பா."

"நீ ஒண்ணத்தையும் பாக்க வேணாம். ட்ராவல்ஸ்ல குடுத்துக்கறேன்."

அத்தை முன்னதாகவே கிளம்பிப் போய், தேதி தவறாமல் அட்டையைப் புதுப்பித்துவிட்டார். கிளம்பும் வரை எங்கள் தெருப் பெண்கள், "அந்த எண்ண முட்டிவலிக்குக் கேக்குமா விசாலம்?" என்று வரிசை கட்டினார்கள். இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது மைக்செட்டைத் தொட்டால், "டாக்டர் லைன்ல இருக்காரா பாரு" என்று ஒரு குரல் வரும். என்னை அந்தப் பக்கமே விடுவதில்லை.

ஆனால் அந்த அட்டை அதன்பிறகு ஒரு வருடம்கூடக் காலாவதியானதில்லை. மாதம் நெருங்கியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி அப்பா அமெரிக்காவுக்குப் போன் போடுவார். "விசாலம், கஞ்சா கார்டு தேதி வந்துருச்சு, மறந்துடாத!" என்று அவர் சொல்வது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிறவர்களுக்கும் கேட்கும். அதற்கு மைக்செட்டே தேவையில்லை.