கொட்டகையைக் காலி செய்ய மாட்டேன்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சூளையும் நலம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் இதைப் படுத்துக்கொண்டே படிக்கவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. டைல்ஸ் கடைச் சரக்கை அடுக்க என் மண்பாண்டப் பட்டறை இருக்கும் கொட்டகை வேண்டும், மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட்டு உங்கள் கடைக் கல்லாவில் ஏசிக்குக் கீழே கௌரவமாக உட்கார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டகை உங்களுடையதுதான். ஆனால் காலி செய்ய மாட்டேன். அந்த எண்ணம் எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. "மண்ணப் பிசைஞ்சு என்னத்தக் கண்ட?" என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டைல்ஸும் மண்தான் அண்ணா. தட்டையாக இருந்தால் கௌரவம் வந்துவிடுமா?

புகார்களுக்கு வருகிறேன். கார் விஷயம் உண்மை. கொட்டகையின் முன்பாதியில் உங்கள் காரும் பின்பாதியில் நானுமாக இருந்த காலத்தில், ஓட்டிவந்து நிறுத்திய காரின் பானெட் இதமாகச் சூடாக இருந்தது, அடைமழையில் என் தட்டுகள் காயாமல் கிடந்தன, சரி என்று வரிசையாக அதன்மேல் அடுக்கினேன். நீங்கள் கல்யாண வீட்டில் போய் இறங்கியபோது காரெல்லாம் வட்டவட்டமாக வெள்ளைத் தடம். அதற்குத் தண்டனையாகத்தானே நடுவில் சுவர் எழுப்பி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு கதவு வைத்து, சுவர் முழுக்க உங்கள் கடை நீலப்பூ டைல்ஸை ஒட்டி, "இந்த டிசைன் இனிமே வராது, சுவத்துல கை வெச்ச, தெரியும் சேதி" என்று மிரட்டிவிட்டுப் போனீர்கள்? இன்றுவரை அதில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை நான்.

அடுத்தது மூடி. அண்ணி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம், நானே சொல்லிவிடுகிறேன். பேக்கரிக்காரர் பிஸ்கட் ஜாடிகள் கேட்டிருந்தார். ஜாடிகளைச் சுட்டெடுத்தாயிற்று, மூடி செய்வதற்குள் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், "அளவு சமாச்சாரத்த எங்கிட்ட விடு, ஊரையே அளந்தவன் நான்" என்று உட்கார்ந்தார். சுட்ட ஜாடியின் வாயை அளந்து, ஈர மண்ணில் அதே அளவுக்கு மூடி செய்தார். வைத்துப் பார்த்தால் கச்சிதம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்துகூடக் காட்டினார். ஈர மண் காய்ந்து, சூளையில் வெந்து, சுருங்கும் என்பது சர்வேயர் வேலையில் வராது போலிருக்கிறது, நிலம் சுருங்காதே. சூளையைத் திறந்து ஒவ்வொரு மூடியாக வைத்தார். ஒவ்வொன்றும் டொக்கென்று ஜாடிக்குள் விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரர் வந்து எட்டிப் பார்க்கிறார்.

"ஏங்க, மூடி ஏன் உள்ள கெடக்கு?"

"தொலையாம இருக்கத்தான்" என்றார் இவர், முகம் மாறாமல்.

"அது சரி, எறும்பு வந்தா?"

"வந்தா? மூடியத் தூக்கிட்டா போகப்போகுது?"

வீங்கிய கையோடு நானே பெரிதாக மூடிகள் செய்து கொடுத்தேன். பேக்கரிக்காரர் அதை வாங்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. உள்ளே விழுந்த மூடிகளைக் கவிழ்த்துப் பார்த்து, ஜாம் வைக்க நல்ல கிண்ணம் என்று அதையும் எடுத்துக்கொண்டு, இன்னும் வேண்டும் என்கிறார். கெட்டுப்போன சரக்குக்கும் ஆள் வருகிற பட்டறை அண்ணா இது. உடைந்த டைல்ஸை உங்களிடம் யாராவது கேட்டு வாங்கியதுண்டா? ஆகவே நான் அசைவதாக இல்லை. ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வியாபாரம் மேன்மேலும் பெருகட்டும், வேறு கொட்டகையில்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத தங்கை

பி.கு.: மேலே 'கனவில்கூட' என்று எழுதிய வரியை அடித்துவிடவும். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டு, காலி செய்யத்தான் நேற்று ஆட்களை வரவழைத்தேன். சக்கரம் வெளியே போயிற்று, அலமாரி போயிற்று, இரும்புப் பெட்டி மாதிரி இருக்கிற கரண்ட் சூளை மட்டும் போகவில்லை. அது உள்ளே வந்தபோது சுவரே கிடையாது. இப்போது உங்கள் கதவைவிட அது அகலம். "அக்கா, சுவத்த ஒடைச்சாத்தான் ஆகும், ஒடைக்கவா?" என்றார் வந்தவர்களில் ஒருவர். நான் நீலப்பூக்களைப் பார்த்தேன். இவர் டேப் வைத்து அளந்துவிட்டு, "உள்ள எதப் போட்டாலும் சுருக்குது, தான் மட்டும் சுருங்க மாட்டேங்குது" என்றார். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்தாயிற்று. சுவரை உடைப்பதா வேண்டாமா என்று நீங்களே யோசித்து, அவசரமில்லாமல் எழுதவும். அதுவரை ஜாம் கிண்ணம் சுட்டுக்கொண்டிருப்பேன்.