நாற்பத்தோராவது குடிமகன்

“இன்னும் ஏழே நாளாம், எல்சி. நான் அந்தத் தீவுல குடியிருக்கிறேன்னு காட்டலேன்னா நம்ப அட்ரஸப் புடுங்கிக்குவாங்களாம்!”

கம்ப்யூட்டரை வெறித்தபடி லியோனார்ட் கத்தியபோது, அவர் மனைவி எல்சி வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

“எந்தத் தீவு? நீ மீஞ்சூரத் தாண்டியே வருசக்கணக்காவுது.”

“அதான் பேஜாரு.”

லியோனார்ட் ராயபுரத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். தக்காளி, கோழி, கயிறு, கையுறை என்று கேப்டன்கள் நடுக்கடலிலிருந்து மெயில் போடுவார்கள். இவர் மூட்டை கட்டி லாஞ்சுப் படகில் ஏற்றி அனுப்புவார். அந்த மெயில் முகவரியின் வாலில் ஒரு நாட்டின் இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவின் எழுத்துகளோடு இவர் கடைப் பெயரை ஒரு பிரியாணிக்காரர் முன்பே பிடித்துவிட்டதால், கம்ப்யூட்டர் கடை சுஃபியான் இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ கிடக்கும் ஒரு பொட்டுத் தீவின் எழுத்துகளைப் பிடித்துக் கொடுத்திருந்தான். நிபந்தனைகளை அவனும் படிக்கவில்லை, இவரும் படிக்கவில்லை. பதினாலாவது பக்கத்தில் ‘தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும்’ என்று சாவகாசமாக எழுதியிருந்தார்கள்.

எந்த வாரத்தில் இது முளைத்தது என்பதுதான் கொடுமை. வருகிற சனிக்கிழமை ஒரு பெரிய கப்பல் கம்பெனி தன் பதினோரு கப்பல்களுக்கும் ஒரு வருஷத்துக்கான ஆர்டரை இந்த முகவரிக்குத்தான் அனுப்பப் போகிறது. மூன்று வருஷம் அலைந்து பிடித்த ஆர்டர். கடைசி நேரத்தில் வேறு முகவரி கொடுத்தால் ஏதோ மோசடி என்று கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும். ஆர்டர் போனால் கடையை மூடவேண்டியதுதான்.

சுஃபியானைப் போனில் பிடித்தார்.

“அவங்க எழுத்து, அவங்க சட்டம், மாமு. நம்ப ஊரு கோர்ட்டுலாம் அங்க செல்லாது. எதுனா சொல்லி சமாளி.”

இருபத்தைந்து வருஷம் துறைமுகத்தில் குப்பை கொட்டியவருக்குச் சமாளிக்கவா தெரியாது? அங்கே வரும் கப்பலின் முதலாளி ஒரு நாடு, ஆட்கள் ஒரு நாடு, பின்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் ஊர் இன்னொரு நாடு. அந்த ஊரை அந்தக் கப்பல் ஜென்மத்தில் பார்த்திருக்காது. ஆனாலும் காகிதமெல்லாம் சரியாக இருக்கும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

“கப்பலு மட்டும் பாக்காத ஊருப் பேர முதுவுல எய்திக்கினு சுத்தலாம், நான் சுத்தக்கூடாதா?” என்றபடி லியோனார்ட் படிவத்தைத் திறந்தார்.

தீவில் வசிக்கிறீர்களா? ஆமாம். எத்தனை வருஷமாக? ஆறு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்?

இங்கே கை நின்றது. சுவரைப் பார்த்தார். அங்கே எல்சியின் அண்ணன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். செத்து நாலு வருஷமாகிறது. ‘சைமன்’ என்று அடித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது தீவின் பதிவாளரிடமிருந்து பதில் வந்தது. முதல் கடிதத்தின் கடுமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தேனாக ஒழுகியது.

‘மிக்க மகிழ்ச்சி. சைமன் உங்களை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார். போன மழைக்கு நீங்கள் மேற்கு ஜன்னலைச் சாத்தாமல் போய்விட்டதாகச் சொன்னார். அவர்தான் ஏறிச் சாத்தினாராம். குடிமக்கள் பட்டியலில் உங்கள் எண் 41.’

எல்சியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“எங்கண்ணன மூலக்கொத்தளத்துல பொதச்சிட்டு வந்தியே, மறந்துட்டியா?”

“மறக்கல, எல்சி. உசுரோட இருந்தப்பவும் ஜன்னலச் சாத்து ஜன்னலச் சாத்துன்னுதானே நம்ப உயிர வாங்குவான்?”

இருவரும் ஒரே நேரத்தில் படத்தைப் பார்த்தார்கள். சைமன் அதே சிரிப்போடு இருந்தான். எல்சி எழுந்து போய் வீட்டிலிருந்த எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தாள்.

“உண்மையச் சொல்லி எய்து” என்றாள்.

முழு உண்மைக்கு லியோனார்டுக்குத் துணிச்சல் இல்லை, பாதியை எழுதினார். தற்சமயம் வேலை நிமித்தம் சென்னையில் இருக்கிறேன், கூடிய சீக்கிரம் ஊர் திரும்புவேன்.

அது இன்னும் வம்பாகப் போயிற்று. மறுநாள் அதே பன்னிரண்டு மணிக்கு, அதே கோயில் மணியோடு கடிதம் வந்தது. வெளியூரில் இருக்கும் குடிமக்கள் ஒரு சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். ‘நான் எக்காரணம் கொண்டும் இந்நாட்டின் குடியிருப்பைக் கைவிடமாட்டேன்.’ கூடவே ஒரு படம். தென்னை மரத்தடியில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு, கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் லியோனார்ட் என்ற பெயர். உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேற்கு ஜன்னல் சாத்தியிருந்தது.

“யாரு வூடுயா அது? யாரு வெளக்கேத்தி வச்சிக்கினு ஒனக்காகக் காத்துக்கினு கீறா?” எல்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“எனக்கு இன்னாம்மா தெரியும்?”

அவர் படத்தை மூடப் போனார். ஆனால் நினைவில் பதினோரு கப்பல்களும் வரிசையாக வந்து நின்றன. கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக. உங்கள் எண் இப்போது 17.’

“நாப்பத்தொண்ணுலேந்து பதினேழுக்கு வந்துட்டேன். மதிப்பு ஏறிக்கினே போவுது பாரு.”

“எறங்கிக்கினே போவுது” என்றாள் எல்சி.

“பள்ளிக்கூடத்துல ரேங்க் மாதிரிம்மா. கொறைய கொறைய ஒஸ்தி.”

வியாழக்கிழமை வந்த படத்தில் அதே வீடு இருந்தது. ஆனால் கடல் வாசற்படியின் முதல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. லியோனார்ட் படத்தை எல்சிக்குக் காட்டவில்லை. அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

நெடுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அலைச் சத்தம் கேட்டது. கனமான பெட்டி எதையோ தரையில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை சிரித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

“ஹலோ, பதிவாளர் ஆபீஸா?” என்றார் லியோனார்ட் ஆங்கிலத்தில்.

ஒரு கிழட்டுக் குரல் ரகசியம் பேசுவதுபோல் கேட்டது. “மிஸ்டர் லியோனார்ட்? நீங்கள் மனசு மாறிவிடமாட்டீர்களே? எங்கேயும் போய்விடமாட்டீர்களே?”

“இல்லை சார். நான் எங்கே போகப்போகிறேன்?”

“நன்றி” என்றது குரல். அது அழுததா சிரித்ததா என்று லியோனார்டுக்கு விளங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே நல்ல வெயில், லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் மட்டும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை எண் நாலாகிவிட்டது. கடிதத்தில் எண் மட்டும்தான் இருந்தது. எல்சி அண்ணன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, “அந்தாளு தெரியாம உன் பேர எய்திட்டாரு, மன்னிச்சிக்க” என்று கெஞ்சினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆர்டரை இன்னும் ஒரு மணி நேரத்தில் அனுப்புகிறோம், அனுப்பியதும் ஒப்புதல் போடுங்கள் என்றார்கள். லியோனார்ட் குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

பதினொன்றே காலுக்கு மறுபடி போன்.

“உங்கள் முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது சார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்கிறது.”

“அஞ்சு நிமிஷம், ஒரே அஞ்சு நிமிஷம் சார்” என்றார்.

தீவின் எண்ணுக்கு அடித்தார். மணிகூட அடிக்கவில்லை. சுஃபியானுக்கு அடித்தார். அவன் தன் கம்ப்யூட்டரில் நோண்டிப் பார்த்துவிட்டு, “உன்னுது மட்டும் இல்ல மாமு, அந்த ரெண்டெழுத்துல முடியுற எல்லாமே படுத்துக்கிச்சு. அந்த ஊரு மிஷினையே யாரோ நிறுத்திட்டுப் போயிருக்காங்க” என்றான்.

லியோனார்டுக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லி, சத்தியம் பண்ணி, செத்தவனைச் சாட்சிக்கு இழுத்து, இவ்வளவும் செய்த பிறகு இப்படிக் கழுத்தறுப்பதா என்று ஆத்திரம் பொங்கியது. ஒரு புகார் எழுதினார். ஐயா, நான் ஒரு நேர்மையான குடிமகன் என்று தொடங்கி மூன்று பக்கத்துக்கு வளர்ந்தது. மெயிலில் அனுப்ப வழியில்லையே என்றபோதுதான் லாஞ்சு ஓட்டும் அலி அக்பரின் ஞாபகம் வந்தது. எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு சரக்குக் கப்பல் அந்தத் தீவுப் பக்கம் போய் வருவது என்று அவன் காலையில்தான் சொல்லியிருந்தான்.

“இத கேப்டன்கிட்ட குட்து, அந்தத் தீவுல பதிவாளரு கையில நேரா சேக்கச் சொல்லு. கடைய மூடுனாலும் பரவால்ல, இத நான் வுடமாட்டேன்.”

அலி அக்பர் கவரை வாங்கிக்கொண்டு போனான். லியோனார்டும் எல்சியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு அவன் திரும்பி வந்தான். கையில் அதே கவர், பிரிக்கவில்லை. இன்னொரு கையில் துணியில் சுற்றிய எதையோ வைத்திருந்தான். மேஜையில் பிரித்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு பழைய இரும்புச் சாவி, உப்புப் பூத்திருந்தது.

“ஏன்டா லெட்டரத் திருப்பி எடுத்தாந்த? கேப்டன் வாங்கலியா?”

“உன் பேரப் பாத்ததும் கேப்டன் எழுந்து நின்னு சலாம் வச்சாரு நைனா. குடியிருக்கிறவன்னு ஒருத்தன் பேரு நோட்டுல இருக்கிற வரைக்கும்தான் அது நாடாம். அதனாலதான் கடலு உள்ள வந்தும் யாரும் கெளம்ப முடியாம தவிச்சுக்கினு இருந்தாங்களாம்.”

“அதுக்கு நான் இன்னாடா பண்றது? என் புகார யாரு விசாரிப்பா?”

அலி அக்பர் சாவியை அவர் பக்கம் நகர்த்தினான்.

“இது பதிவாளரு ஆபீஸ் சாவியாம். நீதான் நைனா விசாரிக்கணும், நீ சத்தியம் பண்ணிக் குட்த தைரியத்துல மத்த நாப்பது பேரும் ஒவ்வொருத்தரா பேர அடிச்சிட்டு நேத்து இதே கப்பல்ல கெளம்பி வந்துட்டாங்க.”