தயவுசெய்து சொல்லும் மிஷின்

வைத்திலிங்கத்துக்கு அவசரமாக ஒரு ஞாபகசக்தி தேவைப்பட்டது. திங்கட்கிழமைக்குள் வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

"இதப் பாருங்க சார்." நேரு வீதியில் கடை வைத்திருக்கும் நாகராஜ், கண்ணாடி மேஜைமேல் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். "டிஜிட்டல் டைரிலயே இதான் ராஜா. குச்சியால தொட்டு எழுதலாம். கம்ப்யூட்டர்லகூட மாட்டலாம்."

"விலை?"

நாகராஜ் சொன்னார். வைத்திலிங்கம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொட்டதற்கே காசு கேட்டுவிடுவாரோ என்று பயம்.

"சரி, இது நடுத்தர ரகம். அம்பது விஷயம் ஏத்தலாம்."

"அம்பது எனக்கு ஒரு வாரத்துக்குக் காணாதுங்க."

அவர் மிகைப்படுத்தவில்லை. போன மாதம் மனைவி ஹேமலதாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் போனார். அவள் இறங்கி மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியைக் கிளப்பிவிட்டார். வழி முழுக்கப் பின்சீட்டோடு பேசிக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் நின்று, "சாவியக் குடு" என்று திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

மனைவி மன்னித்துவிட்டாள். கம்பெனி மன்னிக்கவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வலித்தைலம் தயாரிக்கும் கம்பெனி அது. வைத்திலிங்கம் அங்கே ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பாட்டில் மூடிக்கு ஆர்டர் போட மறந்துவிட்டார். மூடியில்லாத பாட்டில்களில் தைலம் நிரம்பி நிற்க, கம்பெனியே கண்ணீரும் கம்பலையுமாக வேலை பார்த்தது. மேனேஜர் ராஜாங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு டிஜிட்டல் டைரி வாங்குங்க. திங்கக்கிழமை அதோட வாங்க. இன்னொரு தடவ மறந்தீங்கன்னா கம்பெனியையும் மறந்துடுங்க."

நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. அது மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

"இன்னும் கொறைச்ச விலையில ஒண்ணும் இல்லீங்களா?"

நாகராஜ் சற்று யோசித்துவிட்டு, மேஜைக்கடியிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்தார். பெரிய திரை, சின்னச் சின்ன பட்டன்கள், தோல் உறை. "பாரிஸ் சரக்கு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த ஒரு சொல்தா வீட்டுலேர்ந்து வந்துது. எவ்வளவு வேணா ஏத்தலாம். நேரத்துக்குக் கூவும்."

அவர் சொன்ன விலையை வைத்திலிங்கத்தால் நம்ப முடியவில்லை. "ஏன் இவ்ளோ மலிவு?"

"அது பிரெஞ்சுல பேசும். வேற ஒரு கொறையும் கெடயாது."

"எனக்கு பிரெஞ்சு தெரியாதே!"

"பாண்டிச்சேரில இருந்துக்கிட்டு இது ஒரு கவலையா சார்? பக்கத்து வீட்ல கேட்டா சொல்லிட்டுப் போறாங்க."

உண்மைதான். பக்கத்து வீட்டில் மதாம் ஃபிரான்சுவாஸ் இருந்தார். கணவர் சொல்தாவாக இருந்து காலமானவர். பிரெஞ்சு குடியுரிமை, பிரெஞ்சு பென்ஷன், பிரான்சில் ஒரு மகள். காலையில் கணவருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகள் அனுப்பும் பிரெஞ்சுப் பத்திரிகையை விரித்து வைத்து வாசலில் உட்கார்ந்தால், தெருவே மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகும்.

வைத்திலிங்கம் மிஷினை வாங்கிவந்து மதாமிடம் நீட்டினார். மதாம் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா தம்பி? இது நம்ம வீட்டு பாஷையாச்சே. இன்னா ஏத்தணும், சொல்லு."

"வியாழக்கிழமை மூடிக்கு ஆர்டர் போடணும் மதாம். சனிக்கிழமைக்குள்ள கரண்டு பில்லு கட்டணும். பன்னெண்டாந்தேதி ஹேமலதாவுக்குப் பொறந்த நாளு."

"என்னாங்க, தவளக்குப்பத்தயும் ஏத்துங்க!" என்று ஹேமலதா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"ஆமா மதாம். தவளக்குப்பத்துல ஹேமலதாவ விடக்கூடாது."

மதாம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பட்டன்களைப் படபடவென்று தட்டினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு, "ம், உள்ள போயிடுச்சு" என்றார்.

வியாழன் காலை மிஷின் கூவியது. வைத்திலிங்கம் ஓடினார். மதாம் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர அவ்வளவு நேரமாவது வேண்டாமா? "மூடிக்கு ஆர்டர் போடச் சொல்லுது" என்றார்.

ஆர்டர் போனது. மூடி வந்தது. ராஜாங்கம் பல நாட்களுக்குப் பிறகு காய்ந்த கண்ணோடு ஸ்டோர்ஸுக்குள் வந்து, "பரவால்லயே!" என்றார். கரண்டு பில் கட்டியாயிற்று. பன்னிரண்டாம் தேதி மல்லிகைப் பூவும் மைசூர்பாகுமாக வீட்டுக்குள் நுழைந்த கணவனைப் பார்த்து ஹேமலதா அழுதேவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ஒரு மணிக்கும் மிஷின் கூவும். அப்போது வைத்திலிங்கம் கம்பெனியிலிருந்து மதாமுக்கு போன் போடுவார்.

"மதாம், திரையில பி போட்டிருக்கு. அப்புறம் ஆர், ஈ..."

"அட்டைப்பெட்டி லாரி வருதாம். வவுச்சர எடுத்து வை."

"முழுசா நான் இன்னும் சொல்லலியே!"

"எனக்கு அது போதும் தம்பி."

ஒருநாள் அவருக்கே சந்தேகம் வந்தது. "மதாம், எப்பப் பாத்தாலும் பி, ஆர், ஈன்னுதான் ஆரம்பிக்குது. நேத்தும் அதான் வந்துச்சு."

மறுமுனையில் மதாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது மரியாதை. தயவுசெய்துன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் மொட்டையா ஆரம்பிக்க மாட்டான்."

வைத்திலிங்கம் நெகிழ்ந்துபோனார். வீட்டிலும் கம்பெனியிலும் அவரிடம் யாரும் தயவுசெய்து என்று சொன்னதே கிடையாது. அன்றுமுதல் மிஷினைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் முயற்சியை அடியோடு விட்டுவிட்டார். இருந்த கொஞ்சநஞ்சமும் துருப்பிடித்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெருமை யாரை விட்டது? "என் மிஷின்ல ஏத்திட்டா கவலையே இல்ல" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பேக்கிங் பிரிவு தன் தேதிகளைக் கொடுத்தது. ராஜாங்கமே தன் கல்யாண நாள், அம்மாவின் திதி, பல் டாக்டர் எல்லாவற்றையும் கொடுத்தார். வைத்திலிங்கம் தினமும் சாயங்காலம் மதாம் முன்னால் நின்று ஒப்பிப்பார். மதாம் பட்டன்களைத் தட்டுவார். கண்ணை மூடும் நேரம் மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

"ரொம்ப ஏத்துற தம்பி," என்றார் ஒருநாள் களைப்பாக.

"பாரிஸ் சரக்கு மதாம். தாங்கும்."

அந்த வாரமே வைத்திலிங்கம் ரோஜா மாலையும் லட்டு டப்பாவுமாக ராஜாங்கம் வீட்டுக்குப் போய், "நூறு வருஷம் இதே மாதிரி கொண்டாடணும் சார்!" என்று வாழ்த்தினார். உள்ளே ராஜாங்கம் ஈரவேட்டியோடு உட்கார்ந்து அம்மாவுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார். புரோகிதர் லட்டைப் பார்த்தார். ராஜாங்கம் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்.

"பேட்டரி வீக்கா இருக்கும்," என்றார் மதாம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

புது பேட்டரி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மிஷின் கூவியது.

"ஹேமலதாவ தவளக்குப்பத்துல விடணும்னு சொல்லுது," என்றார் மதாம்.

"எதுக்காம்?" என்று ஹேமலதா கேட்டாள்.

"அது சொல்லல."

ஹேமலதா முகம் மலர்ந்தது. "என் பொறந்த நாள ஞாபகம் வெச்ச மிஷினு. காரணம் இல்லாம சொல்லாது. ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கீங்க, எங்கிட்ட மறைக்கிறீங்க." பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வைத்திலிங்கம் அவளை மார்க்கெட் முனையில் இறக்கி விட்டுவிட்டு வந்தார். அவள் உச்சிவெயிலில், கடலூர் போகும் பஸ்களின் புழுதியில், என்னவென்றே தெரியாத ஒன்றுக்காகச் சாயங்காலம் வரை காத்திருந்தாள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவள் கணவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

வைத்திலிங்கம் மிஷினைத் தூக்கிக்கொண்டு நாகராஜிடம் ஓடினார். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு சார். ஒருக்கா ஏத்துனது சரியா பதியலியோ என்னவோ. எதையும் ரெண்டு தபா ஏத்திப் பாருங்க" என்றார்.

நல்ல யோசனையாகப் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் மதாமிடம் இரண்டு தடவை ஒப்பித்தார். மிஷின் திங்கட்கிழமை மூடிக்கு ஆர்டர் போடச் சொன்னது. செவ்வாய்க்கிழமையும் சொன்னது. மரியாதையாகத் தயவுசெய்து என்று கேட்டால் எப்படி மறுப்பது? இரண்டு லாரி மூடி வந்து இறங்கியது. ஸ்டோர்ஸ் நிரம்பி, கேன்டீன் நிரம்பி, வராந்தாவிலும் மூட்டை மூட்டையாக மூடி. அவசரத்தில் இரண்டு மூட்டை பிரிந்துகொண்டது.

"வெள்ளிக்கிழமை மொதலாளி மெட்ராஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிடலாம் சார்," என்று வைத்திலிங்கம் தைரியம் சொன்னார். "மிஷின் சொல்லிடுச்சு, வெள்ளிக்கிழமைதான்."

தன் தேதிகளையெல்லாம் மிஷினிடமே ஒப்படைத்துவிட்டிருந்த ராஜாங்கமும் அதை நம்பினார். முதலாளி வருவதாகச் சொன்னது புதன்கிழமை. புதன்கிழமையே வந்தார். வராந்தாவில் கம்பீரமாக நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடி மூடிமேல் விழுந்தது. அதற்கப்புறம் முதலாளியே விழுந்தார். அடிபட்ட இடத்தில் அவர் கம்பெனித் தைலத்தையே தடவினார்கள்.

ராஜாங்கம் வைத்திலிங்கத்தின் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"புதன்கிழமைன்னு உங்ககிட்ட என் வாயால சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கன்னா ஏத்தியிருப்பேன் சார். மிஷின்ல கண்டிப்பா இருக்கும்!"

"சரி. புதன்கிழமைன்னு அதுல இருந்தா மிஷின் மேல தப்பு. உங்க வேலை உங்களுக்கு. இல்லேன்னா இதோட போதும். யாரு படிப்பாங்க இத?"

இருவரும் ராஜாங்கத்தின் காரில் மதாம் வீட்டுக்குப் போனார்கள். வழி முழுக்க வைத்திலிங்கம் தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். தெய்வத்தின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராததால், "சாமி, சாமி" என்று பொதுவாகக் கூப்பிட்டார்.

மதாம் வாசலில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் மகள் சபின் வக்கான்ஸ் விடுமுறைக்கு பிரான்சிலிருந்து வந்திருந்தாள். உள்ளே பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மதாம், மொதலாளி வர்றது என்னைக்குன்னு ஏத்தியிருக்கோம்? இவருக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க," என்றார் வைத்திலிங்கம். "என் பொழப்பே இதுலதான் இருக்கு."

மதாம் மிஷினை வாங்கினார். தூரத்தில் பிடித்தார். கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. "புதன்... இல்ல, வெள்ளி..." என்றார். "அது பல் டாக்டரு..." என்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

சத்தம் கேட்டு சபின் வெளியே வந்தாள். "இன்னா அது? குடுங்க, நான் பாக்கறேன்." மதாம் தடுப்பதற்குள் மிஷினை எடுத்துக்கொண்டாள். பட்டன்களை அமுக்கினாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"இதுல ஒண்ணுமே ஏத்தலியே சார்."

"நல்லா பாரும்மா! பி, ஆர், ஈன்னு ஆரம்பிக்கும், தயவுசெய்துன்னு!"

"தயவுசெய்தா? இல்ல, அது சாப்பிடுன்னு ஆரம்பிக்குது. மூணே மூணு அலாரம். முன்ன வெச்சிருந்தவரு போட்டது போல. காலைல மாத்திரை சாப்பிடு, மத்தியானம் மாத்திரை சாப்பிடு, ராத்திரி மாத்திரை சாப்பிடு. அவ்ளோதான்."

ராஜாங்கம் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நாளைலேர்ந்து வர வேணாம் வைத்திலிங்கம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வைத்திலிங்கம் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். வேலை போன துக்கத்தைவிட, ஒன்றும் புரியாத துக்கம் பெரிதாக இருந்தது.

"அப்ப மூடி ஆர்டரு? கரண்டு பில்லு? ஹேமலதா பொறந்த நாளு? எல்லாம் டாண்ணு வந்துச்சே! இத்தன நாளா தெனம் உங்க முன்னால நின்னு சொன்னேனே மதாம், ஒரு வரிகூடவா நீங்க இதுல ஏத்தல?"

மதாம் கணவருடைய கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பத்திரிகையின் மேல் வைத்தார்.

சபின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்படி ஏத்துவாங்க சார்? அம்மாவுக்கு எந்த பாஷையிலயும் ஒரு எழுத்துகூடத் தெரியாதே. யாரு இன்னா சொன்னாலும் மனசுலதான் வெச்சுப்பாங்க."