டெண்டுக்குள்ள காய வெச்ச நெல்லு

போன தை மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, பில்லை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்.

நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் வாத்தியார். சூடு எங்கேருந்து எங்க போகும், ஈரம் எப்படி ஆவியாகும், இதையெல்லாம் பதினாறு வருஷமா போர்டுல அம்புக்குறி போட்டு நடத்துறவன். இதை இப்பவே சொல்லிடறேன். நடுவுல நீங்களா கண்டுபிடிச்சா இன்னும் அசிங்கம்.

ஒரத்தநாடு பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. போன வருஷம் வரைக்கும் சித்தப்பா பாத்துக்கிட்டாரு. அவரு மக வீட்டோட சென்னைக்குப் போனதும் எனக்குத் திடீர்னு ரோஷம் வந்துடுச்சு. "இனிமே நானே சாகுபடி பண்றேன்"னு வீட்டுல அறிவிச்சேன்.

என் மனைவி கலா என்னை ஏற இறங்கப் பாத்தா.

"பண்ணுங்க. ஆனா நெல்லை வித்துப் பில்லோட வரணும். நெல்லோட திரும்பி வந்தீங்கன்னா நெலத்தைக் குத்தகைக்கு விட்டுடணும். அதுக்கப்புறம் விவசாயம்ங்கற பேச்சே இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

"சரி"ன்னேன். நெல்லை விக்கறதுல என்ன இருக்கு!

எங்க பக்கம் கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு வீட்டுக்குப் போயிட முடியாது. டோக்கன் வர்ற வரைக்கும் குவியலோடவே கெடக்கணும். மூணு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். தை மாசத்துப் பனி வேற. ஆளுக்கு ஒரு தார்ப்பாயைப் போத்திக்கிட்டு எல்லாரும் சுருண்டு கெடப்பாங்க.

நான் வாத்தியார் இல்லையா? அப்படிக் கெடக்க முடியுமா?

கொடைக்கானல் போறதுக்குன்னு ஒரு டெண்டு வாங்கி வெச்சிருந்தேன். நாலு பேரு படுக்கலாம், மூணு கிலோகூட வெயிட்டு இல்லை. கொடைக்கானலுக்கும் போகலை, டெண்டையும் பிரிக்கலை. அதுக்குள்ள ஒரு சின்ன விறகு அடுப்பு வெச்சா எப்படி இருக்கும்னு ஒரு யோசனை. பனிக்கு வெதுவெதுப்பு, நெனச்சப்ப டீ!

எங்க ஒர்க்‌ஷாப்புல வெல்டிங் பாக்கற மணிகிட்ட காலி எண்ணெய் டின் ஒண்ணைக் குடுத்தேன். அடுப்பா அடிச்சு, மேல புகை போக ஒரு தகரக் குழாயும் வெச்சுக் குடுத்தான்.

"இதை எங்க சார் வெக்கப் போறீங்க?"

"டெண்டுக்குள்ள."

மணி கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி மாட்டினான். "துணிக்குள்ளயா சார்? பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கறீங்களா?"

அவனுக்குத் தெரியாது, நான் எல்லாத்துக்கும் வழி வெச்சிருந்தேன். டெண்டுக் கூரையில வட்டமா ஒரு ஓட்டை வெட்டினேன். சூடான குழாய் பட்டா நைலான் உருகிடும். அதனால உள்ள ஒரு தட்டு, வெளிய ஒரு தட்டு, நடுவுல துணி, நாலு பக்கமும் போல்ட்டு. தட்டுல ஓட்டை போட்டு அதுக்குள்ள குழாய். பொறி பறந்து அடுத்தவன் தார்ப்பாயில விழுந்துடக் கூடாதுன்னு குழாய் வாயில ஒரு டீ வடிகட்டி. அடுப்புக்குக் கீழ இருந்த தரைத் துணியை வெட்டி எடுத்துட்டு நாலு செங்கல்.

அந்த ரெண்டு தட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறீங்களா? கலாவோட சீர்ல வந்த எவர்சில்வர் தாம்பாளம். நல்ல கனம். மாமியார் பேரு பொறிச்சிருந்துச்சு. துளை போட்டதுல பாதிப் பேரு போயிடுச்சு.

அறுவடை முடிஞ்சு, மூணு நாள் லீவு போட்டு, நெல்லைக் கொண்டு போய் நிலையத்துக் களத்துல கொட்டியாச்சு. பக்கத்துலயே டெண்டை நிமித்தினேன். குழாய் வெளிய தலையை நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

"என்ன சார், சர்க்கஸா?" மூட்டை தூக்கற ஒருத்தர் கேட்டாரு.

"சிங்கம் எப்ப சார் வரும்?" இன்னொருத்தர்.

சிரிக்கட்டும், நாளைக்கு நம்ம டீயைக் குடிக்கத்தானே வரப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

பக்கத்துக் குவியல் செல்வி அக்காவோடது. எங்க வயலுக்கு அடுத்த வயல் அவங்களுது. எங்க தாத்தாவும் அவங்க அப்பாவும் குத்தகைக் கேஸுல பதினோரு வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னவங்க. கடைசியில ஆளுக்குப் பாதின்னு முடிஞ்சுது. பாதியை வெச்சுக்கிட்டு அவங்க வீட்டுல ரெண்டு பேரு நர்ஸு, ஒருத்தர் இன்ஜினியர். பாதியை வெச்சுக்கிட்டு நாங்க பழம்பெருமை பேசிக்கிட்டிருக்கோம்.

அக்கா என் டெண்டைச் சுத்தி வந்து பாத்தாங்க. "நல்லாத்தான் சார் இருக்கு. நெல்லுக்கு என்னத்தைப் போத்துறது?"

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. டெண்டு, அடுப்பு, குழாய், கெட்டில், டீத்தூள், ஏலக்காய் எல்லாம் கொண்டு வந்திருக்கேன். தார்ப்பாய் கொண்டு வரலை.

அக்கா வீட்டுக்காரரு, முருகேசண்ணன், அவங்களோட உபரித் தார்ப்பாய் ஒண்ணைக் குடுத்தாரு. அது போத்தியும் ராத்திரிப் பனியில ஓரமெல்லாம் நனைஞ்சிடுச்சு.

மறுநாள் காலையில பில் எழுதறவரு ஈரப்பதம் பாக்கற மிஷினோட வந்தாரு. என் நெல்லை ஒரு பிடி அள்ளிப் போட்டாரு.

"பத்தொம்போது சார்."

"எவ்வளவு இருக்கணும்?"

"பதினேழு. நாளைக்குச் சாயந்திரம் உங்க டோக்கன். அதுக்குள்ள காய்ஞ்சிட்டா எடுத்துக்கறேன். இல்லைன்னா கடைசிக்குப் போயிடும். கடைசின்னா பத்து நாள் ஆகும்."

எனக்கு மறுநாளோட லீவு முடியுது. பத்து நாள் காவல் இருக்க ஆளு இல்லை. நெல்லை ஏத்திக்கிட்டு வீட்டுக்குத்தான் போகணும். வாசல்ல கலா நிப்பா!

அன்னிக்குப் பூரா மூட்டம். அடுத்த நாள் காலையிலயும் வானம் அழுதுவடிஞ்சுது. செல்வி அக்காவுக்கும் பதினெட்டரை. ஆனா அவங்க பாட்டுக்கு உக்காந்து வெத்தலையைக் கிள்ளிக்கிட்டிருந்தாங்க.

"வெயில் வரும் சார். வந்ததும் ஒரு கை பரப்பி விட்டா சரியாயிடும்."

வெயில் வருமாம்! சூடு எங்க வேணும்னாலும் உண்டு பண்ணலாம்னு பதினாறு வருஷம் பாடம் நடத்தினவன் வெயிலுக்காகக் காத்திருப்பானா?

ஆறு மூட்டை நெல்லை டெண்டுக்குள்ள கொண்டு போய்ப் பரப்பினேன். அடுப்பைப் பத்த வெச்சேன். சூடு வெளிய போயிடக் கூடாது பாருங்க, ஜன்னல் வலை ரெண்டையும் சாக்கு வெச்சு அடைச்சேன். கதவு ஜிப்பையும் அடி வரைக்கும் இழுத்து விட்டேன். பத்தே நிமிஷத்துல உள்ள கதகதன்னு ஆயிடுச்சு. ஒரு மணி நேரத்துல ஆறு மூட்டை, அடுத்த மணி நேரத்துல அடுத்த ஆறு. மனசுக்குள்ள அம்புக்குறி போட்டுப் பாத்தேன். எல்லா அம்பும் சரியான பக்கம்தான் போச்சு.

டீ கொதிக்கற வாசனைக்கு ஆளுங்க வந்தாங்க. சர்க்கஸ்னு சொன்னவருதான் மொதல்ல வந்தாரு.

"உள்ள வரலாமா சார்?"

"வாங்க வாங்க. செருப்பை மட்டும் வெளிய விடுங்க, நெல்லு கெடக்கு."

அஞ்சு பேரு ஓரமா உக்காந்தாங்க. பனியில நனைஞ்ச துண்டையெல்லாம் குழாய்க்குப் பக்கத்துல கட்டின கயித்துல காயப் போட்டாங்க. ஒரு கெட்டில் தீந்துது, ரெண்டாவது வெச்சேன். மூணாவதும் வெச்சேன். தேர்தல், உரம், மகளுக்கு மாப்பிள்ளைன்னு பேச்சு பிரமாதமாப் போச்சு. என் வாழ்க்கையில என்னை இத்தனை பேரு ஒரே நேரத்துல மதிச்சது அன்னிக்குத்தான்.

நடுவுல கலா போன் பண்ணினா.

"ஏங்க, தாம்பாளம் ரெண்டையும் காணோம். எங்கயாவது பாத்தீங்களா?"

நிமிந்து பாத்தேன். தலைக்கு மேலதான் இருந்துச்சு. "இங்கதான் எங்கயோ இருக்கும், தேடிப் பாரு"ன்னு போனை வெச்சேன்.

அப்புறம் நெல்லைத் தொட்டுப் பாத்தேன். ஈரமா இருந்துச்சு. மொதல்ல இருந்ததை விட ஈரமா!

"பாத்தீங்களா, உள்ள இருக்கற ஈரமெல்லாம் வெளிய வருது. இதுதான் சயின்ஸு"ன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. வாத்தியார் சொன்னா தலையாட்டறது பழக்கம்தானே.

அந்த நேரத்துல என் மூக்கு மேல ஒரு சொட்டு விழுந்துச்சு.

கூரையைப் பாத்தா முழுக்க முத்து முத்தாத் தண்ணி. மூணு கெட்டில் ஆவியும் அஞ்சு துண்டு ஈரமும் ஆறு பேரு மூச்சும் வெளிய போக வழியில்லாம நைலான்ல போய் ஒட்டி, அங்கேருந்து நெல்லு மேல சொட்டுது. டெண்டுக்குள்ள தனியா ஒரு ஐப்பசி அடைமழை! இந்த ஒரு அம்புக்குறியை மட்டும் நான் போட மறந்துட்டேன்.

சரி, கதவைத் தொறந்துடலாம்னு எந்திரிச்சேன். அப்பதான் புகை வெளிய போறதை நிறுத்திட்டு உள்ள வர ஆரம்பிச்சுது. குழாய் வாயில வெச்ச வடிகட்டி கரி பிடிச்சு அடைச்சுக்கிச்சு!

"சார், கண்ணு எரியுது!"

"சார், தலை கிர்ருங்குது!"

ஜிப்பைப் பிடிச்சு இழுத்தேன். அதுல சாக்கு நூலு மாட்டிக்கிச்சு. மேலயும் போகலை, கீழயும் போகலை. கெட்டில்ல இருந்த டீயை அடுப்புல ஊத்தினேன். நெருப்பு அணைஞ்சுது. பதிலுக்கு இன்னும் ரெண்டு பங்கு ஆவி. உள்ளுக்குள்ள ஆறு பேரும் இருமறோம். அந்த நிமிஷம் நெசமாவே பயந்துட்டேன். நெல்லாவது பில்லாவது, இவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது!

வெளியேருந்து ஒரு கருக்கரிவாள் நுழைஞ்சு, சர்ர்ருனு டெண்டை மேலேருந்து கீழ வரைக்கும் கிழிச்சுது. செல்வி அக்கா!

ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து வெளிய வந்தோம். எல்லாரும் தரையில உக்காந்து மூச்சு வாங்கினோம். கண்ணைத் தொறக்கவே முடியலை. புகையாலதான்னு நெனச்சேன்.

புகை இல்லை. வெயில்!

சுள்ளுனு, கண்ணு கூசற வெயில்! களம் முழுக்க மஞ்சளா நெல்லு பரப்பிக் கெடக்கு. நான் உள்ள விறகை எரிச்சு நெல்லைக் காய வெச்சுக்கிட்டிருந்தப்ப வெளிய ரெண்டு மணி நேரமா சூரியன் சும்மா கொட்டிக்கிட்டிருந்திருக்கு.

"என்னக்கா, ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?"

"நாலு தடவை கூப்பிட்டேன் சார். உள்ள ஒரே சிரிப்பாணி. 'இது சயின்ஸு'ன்னு யாரோ சொன்னது மட்டும் கேட்டுச்சு. சரி, பெரிய வேலை ஏதோ நடக்குதுன்னு விட்டுட்டேன்."

அப்பதான் கவனிச்சேன். என் குவியலைக் காணோம். அதுவும் களத்துல மெல்லிசாப் பரப்பிக் கெடக்கு. முருகேசண்ணன் அதுக்கு நடுவுல நடந்து, காலால வரி வரியாக் கிளறி விட்டுக்கிட்டிருந்தாரு.

"எங்களுதைக் கிளறும்போது பக்கத்துல அதுவும் கெடந்துச்சு. சேத்துக் கிளறிட்டோம்"னு அக்கா சாதாரணமாச் சொன்னாங்க.

சாயந்திரம் பில் எழுதறவரு மிஷினோட வந்தாரு. களத்துல கெடந்த நெல்லை அள்ளிப் போட்டாரு.

"பதினாறரை. நல்லாக் காய வெச்சிருக்கீங்க சார்."

டெண்டுல இருந்த ஆறு மூட்டையில ஒரு பிடி அள்ளிப் போட்டாரு. மிஷினை ஒரு தட்டுத் தட்டினாரு. மறுபடி போட்டாரு.

"இருபத்திமூணு."

மோந்தும் பாத்தாரு. "சார், இதுல ஏலக்காய் வாசனை வருது."

அந்த ஆறு மூட்டை மட்டும் திரும்ப என்னோடவே வந்துச்சு. மத்ததெல்லாம் எடை போட்டாச்சு.

பில் எழுத உக்காந்ததும் அவரு அடங்கல் கேட்டாரு. எந்த நெலத்துல யாரு பயிர் வெச்சதுன்னு வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டுக் குடுக்கற காகிதம். நீட்டினேன். அதைப் பாத்தாரு. கரி பிடிச்ச என் மூஞ்சியைப் பாத்தாரு. அந்தப் பக்கம் எனக்காகச் சாக்கு பிடிச்சுக்கிட்டிருந்த செல்வி அக்காவைப் பாத்தாரு.

"சாகுபடி பண்ணினது யாரு சார்?"

"அடங்கல்ல என் பேருதாங்க இருக்கு"ன்னேன்.